ஒருவனுக்கு 16, இன்னொருவனுக்கு 13: தம்பிகளுக்கு என்ன கிறிஸ்துமஸ் பரிசு வாங்கலாம்?

கேள்வி: எனக்கு இரண்டு தம்பிகள். பெரியவனுக்கு 16 வயது, சின்னவனுக்கு 13. நான் வேலைக்குச் சேர்ந்து என் சம்பளத்தில் பரிசு வாங்கும் முதல் கிறிஸ்துமஸ் இது. என்ன வேண்டும் என்று கேட்டால் பெரியவன் "ஒண்ணும் வேணாம்" என்கிறான். சின்னவன் நீளமாக ஒரு பட்டியல் தருகிறான், அதில் இருப்பதெல்லாம் அண்ணன் வைத்திருக்கும் பொருட்கள். ஒரே மாதிரி வாங்கினால் பெரியவன் முகம் சுளிப்பான், வேறு வேறாக வாங்கினால் சின்னவன் கோபித்துக்கொள்வான். இருவருக்கும் ஒரே அறை. வீட்டில் கேம் ஆட ஒரு பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. பெரியவன் கிட்டார் வாசிப்பான், சின்னவன் கால்பந்து ஆடுவான். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: சின்னவனின் பட்டியலை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அண்ணனிடம் இருப்பதெல்லாம் தனக்கும் வேண்டும் என்று 13 வயதில் ஒருவன் கேட்டால், என்னையும் பெரியவனாக நடத்துங்கள் என்று அர்த்தம். ஆகவே பட்டியலில் இருக்கும் அதே பொருளைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. வாங்குவது எதுவாக இருந்தாலும் பெரியவர்கள் பயன்படுத்தும் முழு அளவுப் பொருளாக இருக்கட்டும். பெட்டியின் மேல் "8 வயது முதல்" என்று அச்சடித்த எதையும் அவன் கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, இந்தச் சமம் பார்க்கிற விவகாரம். அண்ணன் தம்பிகள் பரிசின் விலையைத் துல்லியமாகக் கணக்கிடுவதில்லை, வகையைத்தான் கணக்கிடுகிறார்கள். ஒருவனுக்கு ஹெட்போன், இன்னொருவனுக்குச் சட்டை என்றால், சட்டை எவ்வளவு விலையானாலும் சண்டைதான். ஒருவனுக்கு விளையாட்டுச் சாமான், இன்னொருவனுக்கு "படிப்புக்கு உதவும்" பொருள் என்றால் அதைவிட மோசம். பெரியவனுக்கு மின்னணுப் பொருள் என்றால் சின்னவனுக்கும் மின்னணுப் பொருளே இருக்கட்டும். பெரியவனின் பொழுதுபோக்கைத் தேடிப் பிடித்து வாங்கினால், சின்னவனுடையதையும் அதே சிரத்தையோடு தேடுங்கள். வகை ஒன்றாக இருந்தால் மாடல் வேறாக இருப்பதை இருவருமே பொறுத்துக்கொள்வார்கள்.

"ஒண்ணும் வேணாம்" என்கிற பெரியவனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயனில்லை. அவன் எதை நண்பனிடம் இரவல் வாங்குகிறான், எந்தப் பொருளை டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறான், எதற்காக உங்களிடம் "கொஞ்ச நேரம் குடு" என்று வருகிறான், இதையெல்லாம் ஒரு வாரம் கவனியுங்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு அடுத்து என்ன தேவையோ அதைக் கொடுப்பதுதான் இந்த வயதில் எடுபடும். அவன் இதையெல்லாம் செய்தால் நன்றாக இருக்குமே என்று நீங்கள் ஆசைப்படும் புதிய பழக்கத்துக்கான பொருள், பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும்.

ஒரே அறை என்று சொன்னீர்கள் இல்லையா, அதுதான் எனக்கு மிகவும் உதவியான தகவல். அந்த அறைக்கு ஹெட்போன் வாங்கினால் போட்டுக்கொள்பவனுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவனுக்கும் நிம்மதி. ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பிளேஸ்டேஷன் 5-இல் சாதாரண புளூடூத் ஹெட்போனை நேரடியாக இணைக்க முடியாது. ஆசையாக வாங்கிக் கொடுத்து, கேமுக்கு வேலை செய்யவில்லை என்று பண்டிகை நாளன்றே தெரியவந்தால் எப்படி இருக்கும்! கேமுக்குத்தான் என்றால் வயர் உள்ள ஹெட்செட் போதும்; கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரிலேயே 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறது, அதில் செருகிவிடலாம். வயர் வேண்டாம் என்றால், பிளேஸ்டேஷனில் செருகும் சிறிய யூ.எஸ்.பி. டாங்கிளோடு வரும், பிளேஸ்டேஷனுக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருக்கும் ஹெட்செட்டைப் பாருங்கள். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும் என்பதால், கேம் ஆடுகிறவர்கள் எப்படியும் அதை விரும்புவதில்லை.

பாட்டுக்கு மட்டும் என்றால் புளூடூத் தாராளமாகப் போதும். காதுக்குள் வைக்கும் பட்ஸைவிட, காதை முழுதாக மூடும் வகையைத்தான் 13 வயதுக்காரனுக்குச் சொல்வேன். பட்ஸில் ஒன்று தொலைந்தால் இன்னொன்றும் வீண்போல ஆகிவிடும். ஒற்றை பட் தனியாகக் கிடைக்கும் மாடலா என்று பார்த்து வாங்கினால் அந்தக் கவலை குறையும்.

சத்த அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்படி பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். இதற்காகக் குழந்தைகளுக்கென்று விற்கும், சத்தம் கட்டுப்படுத்திய வண்ண ஹெட்போனை வாங்கினால் சின்னவன் தொடமாட்டான். நல்ல ஹெட்போனை வாங்கிக் கொடுத்து, போனின் அமைப்புகளில் ஒலிக்கு உச்சவரம்பு வைக்க முடிந்தால் இருவர் போனிலும் வைத்துவிடுங்கள். இருவருக்கும் செய்தால் யாருக்கும் ரோஷம் வராது.

கிட்டார் வாசிக்கிறவனுக்குப் புது கிட்டாரை நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எந்தக் கலையிலும் முதன்மைக் கருவியை அதைப் பயன்படுத்துகிறவனே தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும். கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கிளிப்), கிளிப் டியூனர் (சுருதி சேர்க்க உதவும் சிறு கருவி), நல்ல பை, கம்பிகள், இவை நம்பி வாங்கக்கூடியவை. கம்பி வாங்கும் முன் அவனுடையது நைலான் கம்பிக் கிளாசிக்கல் கிட்டாரா, உலோகக் கம்பி அக்கூஸ்டிக்கா என்று பாருங்கள். நைலானுக்கென்று செய்த கிட்டாரில் உலோகக் கம்பி மாட்டினால், அதன் இழுவிசையில் பிரிட்ஜ் (கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) பெயர்ந்தோ கழுத்து வளைந்தோ போகலாம். கேப்போவும் அப்படித்தான்: கிளாசிக்கலின் கழுத்து அகலமானது, தட்டையானது, அதற்குத் தனி கேப்போ இருக்கிறது. ரகசியமாக கிட்டாரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வேலை முடிந்தது.

கால்பந்தில் இந்தக் குழப்பம் குறைவு. 13 வயதிலிருந்து 5-ஆம் எண் பந்துதான், பெரியவர்கள் ஆடுவதும் அதே. ஷூ மட்டும் ஆச்சரியப் பரிசாக வேண்டவே வேண்டாம். பையன்கள் வேகமாக வளர்வது 13, 14 வயதையொட்டித்தான், பாதம் உயரத்தை முந்திக்கொண்டு வளரும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வைப்பதும் சரியல்ல, தளர்ந்த ஷூவோடு ஓடினால் கால் பிசகும். உடைகளுக்கும் இதே பேச்சுதான். பெரியவனுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அவன் ரசனை உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால். கோல்கீப்பர் என்றால் கையுறை நல்ல தேர்வு, வருடம் தவறாமல் தேய்கிற பொருள்.

இனி கேம். பெரியவனுக்கென்று வாங்குவதைச் சின்னவனும் ஆடுவான், அதே அறையில் அதே திரையில். வயதுக் குறியீட்டைச் சின்னவனை வைத்தே பாருங்கள். ஐரோப்பிய பெகி முறையில் 3, 7, 12, 16, 18 என்று எண்ணாகவே இருக்கும். அமெரிக்க இ.எஸ்.ஆர்.பி. முறையில் டி என்றால் 13 வயது முதல், எம் என்றால் 17 வயது முதல். ஆக எம் போட்டது பெரியவனுக்குமே இன்னும் சீக்கிரம். உங்கள் வீட்டு பிளேஸ்டேஷனில் டிஸ்க் போடும் இடம் இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்; டிஜிட்டல் மாடலுக்கு டிஸ்க் வாங்கி வந்து விழிக்கிறவர்கள் ஏராளம். பரிசு அட்டை வாங்கினால், அவர்களின் கணக்கு எந்த நாட்டில் திறக்கப்பட்டதோ அந்த நாட்டு அட்டையே செல்லும்.

இருவருக்கும் சேர்த்து ஒரே பரிசு தரலாமா என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும். இரண்டு பேர் இருந்தால்தான் ஆட முடியும் என்கிற பொருளாக இருந்தால் தரலாம்: இரண்டாவது கன்ட்ரோலர், டேபிள் டென்னிஸ் மட்டைகள், இருவர் ஆடும் போர்டு கேம். அதுவும் தனித்தனிப் பரிசுக்கு மேலே கூடுதலாகத்தான். ஒருவர் மட்டும் பயன்படுத்தக்கூடிய பொருளை "ரெண்டு பேருக்கும்" என்று கொடுத்தால், அது பெரியவனுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கன்ட்ரோலர் வாங்கினால் பிளேஸ்டேஷன் 5-க்கானதாகவே வாங்குங்கள். பிளேஸ்டேஷன் 4-இன் பழைய கன்ட்ரோலரால் புதிய பிளேஸ்டேஷன் 5 கேம்களை அதில் ஆட முடியாது.

பெரியவனுக்குப் பணமாகக் கொடுத்துவிடலாமா? அவன் ஏதோ ஒன்றுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் நல்ல யோசனை. அப்படியானால் சின்னவனுக்கும் ஒரு உறை இருக்கட்டும், தொகையும் ஒன்றாக இருக்கட்டும். வயது வித்தியாசத்துக்காக உறைகளின் கனத்தை மாற்றினால், ஐந்து நிமிடத்தில் இருவரும் எண்ணிப் பார்த்துவிடுவார்கள்.

உங்கள் சூழ்நிலையில் நானாக இருந்தால் இருவருக்கும் ஒரே தரத்தில் வேறு வேறு நிற ஹெட்செட், பெரியவனுக்கு அதோடு கேப்போவும் கம்பியும், சின்னவனுக்குப் பந்து, இப்படி முடித்துவிடுவேன். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கடையில் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் எது என்று கேட்டு அதன் பின்னாலேயே குறித்துவையுங்கள். கேமும் வாங்குவதாக இருந்தால், முந்தைய நாள் இரவே பிளேஸ்டேஷனை அப்டேட் செய்துவிடுங்கள்.