சுவர்க் கிறுக்கல்: அழித்தால் மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கிய இளைஞர்களைக் கொண்டே அவற்றைச் சீர்செய்தார்கள் என்பது உண்மையா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உண்மைதான். 1984-இல் அந்நகர மேயர் வில்சன் குட் சுவர்க் கிறுக்கலுக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். இனிக் கிறுக்குவதில்லை என்று உறுதிமொழியில் கையொப்பமிட்டுச் சுவர்களைத் துப்புரவு செய்ய முன்வந்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் கிடைத்தது. அவ்வமைப்பில் சேர்ந்த ஓவியர் ஜேன் கோல்டன், அந்த இளைஞர்களிடம் இருந்த கைத்திறனை வீணாக்காமல் அவர்களைச் சுவரோவியம் தீட்டப் பழக்கினார். இம்முயற்சியே 1996-இல் நகரின் சுவரோவியத் திட்டமாக வளர்ந்து, இன்றுவரை ஆயிரக்கணக்கான ஓவியங்களை உருவாக்கியிருக்கிறது.

நான் மிகவும் மதிப்பது இதன் நடைமுறையைத்தான். எதை வரைவது என்பதைத் தெருவாசிகளுடன் கூடிப் பேசிய பிறகே முடிவு செய்கிறார்கள். பாராசூட் துணி எனப்படும் மெல்லிய துணியில் பகுதி பகுதியாகத் தீட்டிச் சுவரில் ஒட்டும் முறை இருப்பதால், சாரத்தில் ஏற இயலாத முதியவரும் குழந்தைகளும்கூடப் பங்கேற்க முடிகிறது. தாமும் சேர்ந்து தீட்டிய சுவரை அத்தெருவாரே காக்கிறார்கள்.

உடனடியாக அழிப்பதும் தேவைதான். நியூயார்க் சுரங்க ரயில் நிர்வாகம், கிறுக்கலுள்ள பெட்டியைத் துடைக்காமல் ஓட்டுவதில்லை என்பதில் உறுதியாக நின்று, 1989 மே மாதத்தில் எல்லாப் பெட்டிகளையும் தூய்மையாக்கி முடித்தது. தம் எழுத்தைப் பிறர் பார்க்கவே மாட்டார்கள் என்றானபின் கிறுக்குவோரின் ஊக்கம் குன்றியது.