விசுவாசப் பிரமாணத்தின் கடைசிச் சொல்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிக் கடற்கரை ஊர்க்காரன். மறைப்பணிக்காக எங்கள் சபை என்னை டோக்கியோவுக்கு அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. காலையில் மொழிப்பள்ளி, மாலையில் இல்லத்தில் பயிற்சி, இரவில் ஜப்பானிய மொழியில் செபம். ஆங்கிலத்தில் யோசித்து, மாற்றி, ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பேசுகிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. ஊமைபோல உட்கார்ந்திருக்கிறேன். செபமும் வரவில்லை, சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. கான்ஜி என்னும் சீன எழுத்துகளைப் பார்த்தாலே பயம். இது எனக்கான அழைத்தல்தானா, திரும்பிவிடலாமா?

அ.

அன்புள்ள தம்பி,

சாப்பாடு பழகிவிடும். கான்ஜியைத் தினமும் கையால் எழுதினால் அதுவும் வந்துவிடும். திரும்புவது பற்றி உங்கள் ஆன்ம குருவிடம் பேசுங்கள். வாய் திறக்க முடியாத இந்த மாதங்களில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். 1549இல் ககோஷிமாவில் இறங்கிய சவேரியாரும், இவர்கள் நடுவே சிலைகளைப்போல இருக்கிறோம் என்றுதான் எழுதினார்.

என்னை உறுத்துவது, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி. ஆங்கிலத்தில் யோசித்து மாற்றுகிறீர்களாமே! எதற்கு? இரவில் நீங்கள் திணறும் விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரியையே எடுங்கள்: 'தென்ச்சி நொ ஸோஸோஷு, ஸென்னோ நொ ச்சிச்சி தெ அரு கமி ஒ ஷின்ஜிமஸு.' தென்ச்சி விண்ணும் மண்ணும், ஸோஸோஷு படைத்தவர், ஸென்னோ எல்லாம் வல்ல தன்மை, ச்சிச்சி தந்தை, 'தெ அரு' ஆகிய, கமி கடவுள். 'ஒ' நம்முடைய ஐ. ஷின்ஜிமஸு, நம்புகிறேன். 'எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை நம்புகிறேன்' என்று சிறுவயதிலிருந்து சொல்லிவரும் அதே வரிசை. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலமோ 'நம்புகிறேன்' என்பதைத் தூக்கி முதலில் வைக்கும். நேராக நிற்கும் வரியைத் தலைகீழாக்கி, மறுபடி புரட்டி நிமிர்த்துகிறீர்கள். பேச்சு அதற்குள் போகாமல் என்ன செய்யும்?

'தெ' என்று முடியும் வினைவடிவம் நம் வினையெச்சம். 'தபெதெ மிரு' சாப்பிட்டுப் பார். 'கைதெ ஒகு' எழுதி வை. துணைவினையில்கூட அதே பார்த்தல், அதே வைத்தல். 'தொ' நம் 'என்று'. 'யொன்தெ அகெரு' படித்துக் கொடு. இதில் மட்டும் கவனம். பெரியவர்களிடம் அகெரு சேர்த்தால் உபகாரம் செய்கிற தொனி வந்துவிடும். கோயிலில் ஒரு பாட்டியின் பையை வாங்கும்போது 'மொத்தெ அகெமஸு' என்னாதீர்கள், 'ஒமொச்சி ஷிமஸு' என்று சொல்லுங்கள்.

இடையாளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கடற்கரையே சாட்சி. அங்கே சவேரியார் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கினார். பிறகு 1544இல் தம் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் இதே பிரமாணத்தைத் திருத்தச் சொன்னார்: 'வேணும்' என்று இருப்பதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்று வை. ஜப்பானில் தமக்கு மொழிபெயர்த்த ஆன்ஜிரோ என்ற ஜப்பானியரின் சொல்லை நம்பிக் கடவுளைத் 'தைனிச்சி' என்றார். அது ஷிங்கோன் என்ற பிரிவைச் சேர்ந்த பௌத்தர் வணங்கும் புத்தரின் பெயர். தெரிந்ததும் 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கே திரும்பினார். உங்களுக்கு அந்த இடையாள் ஆங்கிலம். அனுப்பிவிடுங்கள்.

தமிழ் உங்களைக் கைவிடும் இடம் ஒலிப்பு. 'அகம்' என்பதில் தனிக் ககரம் மெலியும், 'பாம்பு' என்பதில் மெல்லினத்தை அடுத்த பகரம் அதிரும். அந்தப் பழக்கத்தில் தினமும் நீங்கள் அழைக்கும் 'ஷின்பு', அதாவது குருவானவர், பாம்பின் 'ம்பு'வாகிவிடும். 'ககி' என்று எழுதிப் படித்தால் சாவி. 'கக்கி' என்றால் ஒற்று மிகுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒலிக்கும் பெர்சிமன் பழத்தின் பெயரைத் தமிழில் எழுதவே முடியாது. ஆகவே மேலே நான் எழுதியது அடையாளத்துக்கு மட்டும். ரோமன் நோட்டையும் மூடிவிட்டு, ஹிராகனா என்னும் ஜப்பானிய ஒலியெழுத்து 46ஐயும் படியுங்கள். சாவிக்கும் பழத்துக்கும் அங்கே எழுத்தின் தோளில் போடும் இரண்டு சிறு கோடுகள்தான் வித்தியாசம். தொண்டையில் இரண்டு விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: சாவிக்கு அதிர்வு தொடர்ந்து ஓடும், பழத்துக்கு நடுவில் அறும். இப்படிப் பத்து ஜோடியைச் சொல்லி, எந்தச் சொல் கேட்டது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். எதைச் சொன்னீர்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

மாத்திரையும் அப்படித்தான். நமக்கு மெய்க்கு அரை மாத்திரை. 'நிஹொன்' என்பதில் அந்த ன்னுக்கு முழு மாத்திரை. மூன்று தட்டு.

இன்றிரவு செபத்தில் எல்லோருடனும் ஓட வேண்டாம். அந்த ஒரு வரியை மனசுக்குள் தமிழில் சொல்லுங்கள், பிறகு ஜப்பானியத்தில். மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போகட்டும், நீங்கள் ஷின்ஜிமஸு வரை வந்து சேருங்கள். கடைசி உகரத்தை முழுசாக ஒலிக்காதீர்கள், காற்றாய்ப் போகவேண்டும். குற்றியலுகரத்தோடு வளர்ந்த வாய்க்கு அது வரும்.