ஸ்டார் ட்ரெக் பார்த்ததே இல்லை. நூற்றுக்கணக்கான எபிசோடுகளில் எதிலிருந்து தொடங்கலாம்?

தயவுசெய்து முதல் எபிசோடிலிருந்து வரிசையாகத் தொடங்காதீர்கள். 1966இல் அமெரிக்காவின் என்பிசி சேனலில் வந்த, இந்த விண்வெளிக் கதையின் முதல் தொடரிலேயே 79 எபிசோடுகள். 1987இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் 178. அப்புறமும் கிளைவிட்டுக்கொண்டே போகிறது. நல்ல வேளையாக, பழைய எபிசோடுகளில் பெரும்பாலானவை தனித்தனிக் கதைகள். எங்கே வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம்.

என் கட்சி இதுதான்: விண்கலச் சண்டைகளை விட்டுவிட்டு, கையில் காசில்லாமல் எடுத்த எபிசோடுகளாகத் தேடிப் பாருங்கள். பணமுடை இந்தத் தொடரின் கூடவே பிறந்தது. ஆட்களை மறையவைத்துக் கிரகத்தில் இறக்கும் அந்தப் புகழ்பெற்ற டிரான்ஸ்போர்ட்டரே, வாராவாரம் கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கக் கட்டுப்படியாகாது என்பதால் வந்த யோசனைதான்.

முதலில் 'த மெஷர் ஆஃப் எ மேன்' பாருங்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷன், இரண்டாம் சீசன், 1989. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், முன்பு வழக்கறிஞராக இருந்தவர். அது எழுத்தில் நன்றாகவே தெரியும். டேட்டா என்ற ஆண்ட்ராய்டு (மனித உருவ ரோபோ) அதிகாரியைப் பிரித்துப்போட்டு ஆராய ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா மறுக்கிறார். மறுக்க அவருக்கு உரிமை உண்டா, அல்லது கப்பலில் இருக்கும் கம்ப்யூட்டர் மாதிரி அவரும் ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையின் சொத்தா? இதுதான் வழக்கு. ஆள் பற்றாக்குறையால் டேட்டாவுக்கு எதிராக வாதாட வேண்டிய பொறுப்பு அவருடைய நண்பர் ரைக்கர் தலையில் விழுகிறது. அரைமனதோடு வாதாடினால் தீர்ப்பு அப்போதே டேட்டாவுக்கு எதிராகப் போய்விடும் என்று நீதிபதி எச்சரிக்கிறார். டேட்டாவின் உள்ளமைப்பு வரைபடங்களைப் புரட்டும்போது ரைக்கருக்கு ஒரு பலமான பாயின்ட் சிக்குகிறது. ஒரு நொடி முகம் மலர்கிறது. அதை யாருக்கு எதிராகப் பயன்படுத்தப்போகிறோம் என்று உறைத்ததும் அப்படியே தொங்கிப்போகிறது. வசனமே இல்லாத அந்தச் சில நொடிகளுக்காகவே இந்த எபிசோடைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். (ரைக்கர் தாடி வைத்த பிறகுதான் தொடர் உருப்பட்டது என்று ரசிகர்கள் கிண்டலடிப்பார்கள். தாடி வந்தது இந்த இரண்டாம் சீசனில்தான். முதல் சீசனை நீங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம்.)

அடுத்து 'டூயட்', 1993, டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு கிளைத் தொடரின் முதல் சீசன். பஜோர் என்ற கிரகத்தைப் பல பத்தாண்டுகள் அடிமைப்படுத்தி வைத்திருந்தவர்கள் கார்டாசியர்கள். அது முடிந்த பிறகு ஒரு கார்டாசியர் நோயாளியாக விண்வெளி நிலையத்துக்கு வருகிறார். அந்த நோய் ஒரே ஒரு வதைமுகாமில் இருந்தவர்களுக்குத்தான் வரும். விசாரிப்பவர் கீரா, விடுதலைப் போராளியாக இருந்த பஜோர் பெண். முக்கால்வாசி நேரம் ஒரு சிறையறை, இரண்டு பேர், பேச்சு. அந்த மனிதர் உண்மையில் யார் என்பதை இங்கே சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

அறுபதுகளில் வந்த முதல் தொடரின் நாயகர்கள் ஸ்பாக்கும் கிர்க்கும் வேண்டுமென்றால் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. இதில் சண்டை உண்டு, ஆனால் நீர்மூழ்கிக் கப்பல் சண்டை மாதிரி மூச்சடக்கிக் காத்திருக்கும் சண்டை. எதிரித் தளபதியாக வரும் மார்க் லெனார்ட், பின்னால் ஸ்பாக்கின் அப்பாவாகவே வந்தார்.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது நெக்ஸ்ட் ஜெனரேஷனின் 'தி இன்னர் லைட்'. 1993இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. கேப்டன் பிக்கார்ட் சுமார் அரை மணி நேரத்துக்குள் வேறொருவரின் முழு வாழ்க்கையை வாழ்ந்து முடிக்கிறார். ரொம்பப் பிடித்த எபிசோடுதான், ஆனால் இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மனைவி மக்கள் இல்லாத இறுக்கமான மனிதராக பிக்கார்டை முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் அதில் வரும் குடும்பம் உள்ளே இறங்கும். பத்துப் பதினைந்து எபிசோடுகள் போகட்டும். அப்போது பார்க்கும்போது, மகனாக வரும் இளைஞரைக் கவனியுங்கள்: பிக்கார்டாக நடிக்கும் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன்.

காசில்லாவிட்டால் எல்லாமே தேறிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 'ஷேட்ஸ் ஆஃப் க்ரே' என்று ஒன்று இருக்கிறது. ரைக்கர் மயங்கிப் படுத்திருப்பார், பழைய எபிசோடுகளின் துண்டுகளை ஒட்டிக் காட்டுவார்கள். அதன் பக்கம் போகாதீர்கள்.