பால் பைத்தான் குட்டி சாப்பிடவில்லையா? ஊட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு பால் பைத்தான் (ball python என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு) குட்டி வாங்கினேன். ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. வந்த அன்று 58 கிராம் இருந்தது, இப்போது 51. முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது, தோல் சுருங்கிக் கிடக்கிறது. மூன்றடி கண்ணாடித் தொட்டியில் என் ஏசி அறையில்தான் வைத்திருக்கிறேன். பழகட்டும் என்று தினமும் கையில் எடுக்கிறேன். சுண்டெலிக் குட்டி வைத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விற்றவரைக் கேட்டால், ‘வாயைத் திறந்து முட்டை மஞ்சள் கருவை சிரிஞ்சில் விடுங்கள், டானிக்கும் அனுப்புகிறேன்’ என்கிறார். செய்யலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: செய்யவே செய்யாதீர்கள். பாம்புக்கு மூச்சுக்குழாயின் வாய், கீழ்த்தாடையில் நாக்குக்குப் பக்கத்திலேயே திறக்கிறது. பழக்கமில்லாத கை சிரிஞ்சை அழுத்தினால் மஞ்சள் கரு நுரையீரலுக்குப் போய்விடும். அப்புறம் மருத்துவராக நான் செய்வதற்கு அநேகமாக ஒன்றும் மிச்சமிருக்காது. அந்த டானிக்கும் வேண்டாம். 51 கிராம் உயிருக்கு எத்தனை துளி என்று அந்த பாட்டிலில் எங்கும் எழுதியிருக்காது.

உங்கள் குட்டி பட்டினியால் மட்டும் இளைக்கவில்லை. அதற்குக் குளிர்கிறது, தாகமாக இருக்கிறது, பயந்துபோயும் இருக்கிறது. இந்த மூன்றும் தீராமல் எந்தப் பால் பைத்தானும் வாய் திறக்காது. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம், கறையான் புற்றுக்குள்ளும் எலி வளைக்குள்ளும் பதுங்கி வாழும் ஜாதி இது. நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட மூன்றடித் தொட்டி அதற்குத் திறந்தவெளி மாதிரி. ஏசி அறையின் 24 டிகிரியில் இரையை விழுங்கினாலும் செரிக்காது, வயிற்றிலேயே அழுகும். ஏசி காற்று ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. நீங்கள் சொல்லும் தோல் சுருக்கம் பெரும்பாலும் அதனால் வந்ததுதான்.

இன்றே தொட்டியை மாற்றுங்கள். ஷூ பெட்டி அளவில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கவாட்டில் காற்றுக்குத் துளை போட்டு, மூடியை நன்றாகப் பூட்டுங்கள். பென்சில் பருமன் சந்து கிடைத்தாலும் குட்டி வெளியே போய்விடும். அடியில் டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வேண்டும், சூடான ஓரத்தில் ஒன்று, குளிர்ந்த ஓரத்தில் ஒன்று. விளிம்பைத் தேய்த்து, வாசல் வெட்டிய கொட்டாங்குச்சி இதற்கு அருமையாகப் பொருந்தும். உடம்பு நாலு பக்கமும் உரசும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் இதற்கு நிம்மதி. ஒன்றுக்குள் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ வையுங்கள். கவிழாத சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

டப்பாவின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) வையுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதை இயக்கவே கூடாது. வயிறு வெந்துபோன குட்டிகளைப் பார்த்திருக்கிறேன், சூடு தாங்காமல் நகர்ந்துபோகும் என்று நினைப்பது தப்பு. சூடான பக்கம் 31 முதல் 32 டிகிரி, மறுபக்கம் 26, 27, ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம். இதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள். டப்பாவை ஏசி இல்லாத அறைக்கு மாற்றினால் சென்னைக் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். மே மாதத்தில் மட்டும் கவலை தலைகீழாகிவிடும். அறையே 34 டிகிரியைத் தொட்டால் மேட்டை அணைத்துவிட்டு, வெயில் படாத மூலைக்கு மாற்றுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள், தினம் ஒரு தடவை, வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் விடுங்கள். தண்ணீர் அதன் உடம்பின் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்திலேயே இருங்கள். குட்டி தலையைத் தாழ்த்தி, தொண்டை மெல்ல ஏறி இறங்கினால் குடிக்கிறது என்று அர்த்தம். காய்ந்த உடம்புக்கு முதலில் தண்ணீர்தான். சிறுநீரகம் வறண்டிருக்கும்போது இரையும் மருந்தும் சேர்ந்து அதை முடித்துவிடும். விற்றவர் அடுத்து ஆன்டிபயாடிக் ஊசியும் அனுப்புவார், அதையும் வாங்காதீர்கள்.

அதற்குப் பிறகு முழுதாக ஒரு வாரம் அதைத் தொடாதீர்கள். தண்ணீர் மாற்றுவது, அழுக்கு எடுப்பது, அவ்வளவுதான். பழக்குவதெல்லாம் மூன்று தடவை தானாகச் சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வாரம் முடிந்த மறுநாள், அதாவது எட்டாம் நாள் சாயங்காலம், விளக்கை அணைத்துவிட்டு இரை வையுங்கள். திடமான குட்டிக்கு உடம்பு எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்கலாம். உங்களுடையதற்கு முதல் வேளை மூன்று, நான்கு கிராம் சுண்டெலிக் குட்டி போதும். உயிரோடு விட வேண்டாம். உறைய வைத்ததாக இருந்தால் பாலிதீன் பையில் போட்டு, முதலில் குளிர்ந்த தண்ணீரில் பனி விட்டதும் சுடுதண்ணீரில் வைத்து, தொட்டால் இதமான சூடு தெரியும் பதத்தில் துடைத்து எடுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும், இரையின் சூட்டை அறிவது அவற்றால்தான். ஆறிப்போன எலியை அது இரையாகவே மதிக்காது. நீளமான இடுக்கியில் பிடித்து, தலைப் பக்கம் முன்னால் வரும்படி ஒளிவிடத்தின் வாசலில் லேசாக அசையுங்கள். எடுக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். விடிந்தும் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டு, ஐந்தாறு நாள் கழித்து மறுபடி முயலுங்கள். சாப்பிட்டால் இரண்டு நாள் தொடக்கூடாது. கக்கினால் பதறாதீர்கள், இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அதைவிடச் சின்ன இரை வையுங்கள்.

இதில் ஒன்றே ஒன்று விதிவிலக்கு. உங்கள் குட்டியின் நிறத்தை நீங்கள் எழுதவில்லை. உடம்பெல்லாம் வலை பின்னியது போல மெல்லிய கறுப்புக் கோடுகள் இருக்கிறதா? ‘ஸ்பைடர்’ என்றோ ‘பம்பிள்பீ’ என்றோ சொல்லி விற்றாரா? அப்படியானால் அதன் தலை ஆடுவதையும் திருகிக்கொள்வதையும், இரையைக் கொத்தும்போது குறி தவறுவதையும் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பைடர் மரபணுவோடு கூடவே, உடம்பின் சமநிலையைக் காக்கும் உள்காதில் குறையும் வரும். பம்பிள்பீ என்பதும் ஸ்பைடரோடு பாஸ்டல் என்ற இன்னொரு நிறவகை சேர்ந்த கலப்புதான், அதனால் அதற்கும் இதே கதி. நன்றாகச் சாப்பிட்டாலும் எடை கூடினாலும் இது போகாது. சிலதற்கு லேசாக இருக்கும், சிலது பயந்தால் மல்லாந்தே விடும். இந்தக் குட்டிக்கு இரையை அசைத்துக் காட்டக் கூடாது, மூக்குக்கு அருகில் அசையாமல் பிடிக்க வேண்டும். ‘வைட்டமின் குறைச்சல், சரியாயிடும்’ என்று சொல்லி இதை விற்பவர்களை மன்னிக்கவே முடியவில்லை. தெரிந்தே செய்கிறார்கள். சாதாரண நிறக் குட்டிக்கு இப்படித் தலை ஆடினால் அது வேறு விஷயம். அதிகச் சூடு, உண்ணி மருந்தின் நச்சு, கிருமி என எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்களிடம் பில் இருக்கிறதா? பால் பைத்தான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள பாம்பு. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும், கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. உங்களுக்கு மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. ‘பேப்பர் அப்புறம் வரும்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். 2020-ல், வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் தாங்களாக முன்வந்து அறிவிக்க மத்திய அரசு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தது. அந்தக் காலத்துச் சான்று ஒன்றின் நகலைக் காட்டி, ‘இது உங்க பாம்புக்கும் செல்லும்’ என்பார் ஒரு தரகர். வேறொரு பாம்பின் காகிதம் உங்கள் பாம்புக்கு எப்படிச் செல்லும்? ஒரு பைசா கொடுக்காதீர்கள். விற்றவரிடம் எழுத்தில் பில்லும் வளர்ப்பவரின் உரிமம் பற்றிய விவரமும் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் குட்டி எந்த வழியில் வந்திருக்கும் என்று யோசியுங்கள். பாங்காக் விமானத்தில் வந்த பெட்டிகளில் துணிப்பையில் கட்டிய பாம்புக் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறார்கள். பிடிபட்டவற்றை அதே நாட்டுக்குத் திரும்ப விமானம் ஏற்றுவதுதான் வழக்கம். இப்படி வருவது ஒரு வேளைகூடச் சாப்பிடாத குட்டியாக இருக்கலாம். ‘நாலு தடவை சாப்பிட்டாச்சு’ என்று விற்பவர் சொல்வதற்கு என்ன ஆதாரம்?

சட்டம், பாம்பை வாங்கியவரிடம் பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்கச் சொல்கிறது. நல்லது. ஆனால் போனில் படம் போட்டு பஸ் பார்சலில் உயிரை அனுப்புகிறவரைத் தேடிப் பிடிப்பது யார்? மாட்டையும் கோழியையும் முழுதாகச் சொல்லிக்கொடுக்கும் நம் கால்நடைப் படிப்பில் ஊர்வனவற்றுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் விற்றவரிடமே வைத்தியம் கேட்கும் நிலை. பதிவுக்கு ஒரு தளம் கட்டத் தெரிந்த அரசுக்கு, மாவட்டத்துக்கு ஒரு மருத்துவருக்காவது இதில் பயிற்சி கொடுக்க ஏன் முடியவில்லை?

நகை எடை போடும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒரு நாள் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். டப்பா சரியாக அமைந்த பிறகும் மூன்று தடவை இரையை மறுத்து, எடையும் 48-க்குக் கீழே இறங்கினால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். கையால் ஊட்டுவதா, குழாய் வழியாகக் கொடுப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். வாயோரம் நுரை, வாயைத் திறந்தபடி மூச்சு, கண் குழிவு, செதில் இடுக்கில் ஊரும் கறுப்புப் புள்ளி, இதில் ஒன்று தெரிந்தாலும் எட்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். வரும்போது எடைக் குறிப்பும், கிடைத்தால் எச்சமும் கொண்டுவாருங்கள். டப்பாவைத் தொட்டால் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை இருந்தால் அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள். பாம்பின் எச்சத்தில் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இருப்பது சகஜம்.