மாமியை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

போன இதழில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்வருவது பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜேர்மனியைப் பற்றியவை. 27 வருடம் ஹம் நகரில் சீவித்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பியவள்தானே என்று ஆசிரியர் முழுக்கட்டையும் என் தலையிலேயே வைத்துவிட்டார்.

கேள்வி: கலியாணமாகி நான்கு வருடமாக டோட்முண்டில் இருக்கிறேன். கொழும்பில் இருந்து அம்மா உங்கள் சஞ்சிகையை அனுப்புவார். வருகிற யூன் மாதம் மாமாவும் மாமியும் முதல் தடவையாக மூன்று கிழமைக்கு வருகிறார்கள். எங்கள் இருவருக்கும் ஒன்றாகக் கிடைப்பது எட்டு நாள் லீவுதான். மாமிக்கு முழங்கால் வருத்தம். கணவரோ பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிஸ் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். பட்டியலைப் பார்க்கவே எனக்குக் களைக்கிறது. எங்கே கூட்டிக்கொண்டு போவது?
– வாசகி, டோட்முண்ட்

பதில்: பிள்ளை, இந்த நான்கு வருடத்தில் நீர் எங்கெங்கே போயிருக்கிறீர்? வேலை, டொச் மொழி (ஜேர்மன்) வகுப்பு, சனிக்கிழமையில் யாருடையாவது சாமத்திய வீடு. அதற்கு மேல் போயிருக்க மாட்டீர் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். என் கணவர் 1985 இல் போனவர். அகதி வழக்கு முடியும் வரைக்கும் பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்கக் கடிதம் எடுக்க வேண்டும். வழக்கு முடிந்தபிறகு வேலை, சீட்டுக்காசு, தங்கச்சிமாரின் சீதனம். நான் போனது 1988 இல். ஒன்றரை மணித்தியால ரயில் தூரத்தில் இருந்த கொலோன் தேவாலயத்தை முதன்முதலில் நிமிர்ந்து பார்த்தது 2004 இல், கொழும்பில் இருந்து மாமி வந்தபோது. எனக்கு ஜேர்மனியைக் காட்டியவ மாமிதான்.

அதனால் நான் சொல்வது இது. கணவரின் பட்டியல் கிடக்கட்டும். உமக்கு எங்கே போக ஆசை? அதில் மூன்றைச் சொல்லும். மாமியை அங்கே கூட்டிக்கொண்டு போம். எட்டு நாளில் மூன்று பயணம் போதும். ஒரு பயணத்துக்கு அடுத்த நாள் வீட்டில் கால் நீட்டி இருக்கும் நாள்.

கொலோனுக்கு உங்கள் ஊரில் இருந்தே ஆர்.ஈ. 1 ரயில் நேரே போகும். ரயில் நிலையத்தால் வெளியே வந்தால் முன்னுக்கே தேவாலயம், முழங்காலுக்கு வேலையில்லை. கோபுரம் 157 மீற்றர், தெற்குக் கோபுரத்தில் ஏற 533 படி. மாமாவுக்கு ஏற ஆசை வரும், மகனோடு அனுப்பிவிடும். நீங்கள் இருவரும் கீழே வாங்கில் இருந்து பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடியுங்கோ. 1248 இல் தொடங்கி 1880 இல் கட்டி முடித்த கோவில் அது. நடுவில் ஏறத்தாழ 300 வருடம் வேலை நின்று, பாதிக் கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி அப்படியே நின்றதாம். இதைச் சொன்னதும் என் மாமி, "காசு முடிஞ்சிருக்கும். எங்கட மேல்மாடி மாதிரித்தானே" என்றா. தெஹிவளை வீட்டில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் மேல்மாடி. அதற்குப் பிறகு மாமி அந்தக் கோவிலோடு நல்ல உறவாகிவிட்டா.

ஆனால் அன்றைக்கு மாமியை ஆட்டிவிட்டது கோவில் இல்லை. காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஓடிக்கொலோன் நனைத்த லேஞ்சி போடுவார்களே, அந்த ஓடிக்கொலோன் 'கொலோன் தண்ணி' என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம். 1709 இல் இந்த ஊரில் குடியேறிய இத்தாலிக்காரர் ஒருவர் தொடங்கிய வியாபாரம் என்று கேட்டதும் மாமி எழும்பிவிட்டா. குளொக்கன்காச தெருவில் 4711 என்ற ஓடிக்கொலோன் கடைக்குள் குழாயால் ஓடிக்கொலோன் ஓடிக்கொண்டே இருக்கும். மாமி லேஞ்சியை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. "அம்மாட மணம்" என்றா. மாமியின் தாயார் போய் அப்போது 40 வருடத்துக்கு மேல். இது எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை.

அடுத்தது வுப்பர்ட்டால். தண்டவாளத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு ஆற்றுக்கு மேலால் போகும் ரயில், 1901 இல் இருந்து ஓடுகிறது, 13 கிலோமீற்றர். ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கினால் சரி, பயணம் முழுக்க இருந்தபடியே. 1950 இல் ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக டுபி என்ற யானைக்குட்டியை இந்த ரயிலில் ஏற்ற, அது மிரண்டு பெட்டியை உடைத்துக்கொண்டு வுப்பர் ஆற்றில் குதித்தது. மாமி அதற்குப் பிறகு ரயிலைப் பார்க்கவேயில்லை. "யானைக்கு என்ன நடந்தது?" என்று மூன்று தரம் கேட்டா. ஒன்றும் நடக்கவில்லை, சின்னக் காயத்தோடு தப்பியது. இதை ஏறும்போதே சொல்லிவிடும்.

யூன் என்கிறீர், ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேர் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும், திகதியைப் பார்த்துக்கொள்ளும். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தம்" என்று மாமா முணுமுணுப்பார். தொழிற்பேட்டைக்கு நடுவில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட கோவில், 17 மீற்றர் கோபுரம், கப்பல் கால்வாயில் தீர்த்தம், காவடிக்கு வீதியை மறித்துக்கொண்டு நிற்கும் ஜேர்மன் பொலிஸ். பிறகு மாமாவைக் கிளப்புவதுதான் கரைச்சல்.

பாரிசுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 500 கிலோமீற்றருக்கு மேல் காரில் இருந்து, பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் இறங்கினால், புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டிக் கடை. என் மச்சாள் இறங்கியதும் "இது வெள்ளவத்தை எல்லோ" என்றா.

டிக்கெட்டுக்கு ஒரு வார்த்தை. டொச்லாந் டிக்கெட் என்ற மாத டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2026 தொடக்கத்தில் இருந்து 63. நகர பஸ், ட்ராம், ஊர் ரயில் எல்லாம் அடங்கும், அதிவேக ஐ.சி.ஈ. அடங்காது. மாதக் கட்டு என்பதால் அந்த மாதம் 10 ஆம் திகதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதமும் காசு போகும். விருந்தாளி கொழும்பில் இருப்பார், டிக்கெட் டோட்முண்டில் ஓடிக்கொண்டிருக்கும். என் தங்கச்சிக்கு நடந்தது.

நீங்கள் வேலைக்குப் போகும் நாட்களில் என்ன செய்வார்கள் என்று யோசிக்காதையும். வெறும் போத்தல் போடும் இயந்திரத்தை மாமாவுக்குக் காட்டிவிடும். தண்ணிப் போத்தல் ஒன்றுக்கு 25 சதம் திரும்பக் கிடைக்கும். எங்கள் மாமா மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கிழவியின் போத்தல்களையும் தானே கொண்டுபோனார். ஒரு சொல் டொச் தெரியாது. கிழவி அவர் திரும்பிப் போகும் அன்று அழுதது.

கேள்வி: போன வருடம் மகன் 10 நாளில் ஆறு நாடு காட்டினான். எந்தப் படம் எந்த நாடு என்று எனக்கே தெரியவில்லை. இந்த முறையும் அப்படி என்றால் தாங்க மாட்டேன். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, கால் நோகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சக்கர நாற்காலி எடுத்து ஏழாவது நாட்டையும் காட்டுவான். மருமகளிடம் சொல்லுங்கள், அதுதான் குறுக்குவழி. கடிதத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஜேர்மனியில் உள்ள கெவெலார் மாதாவிடம் போக வேண்டும் என்று கேளுங்கள். 1642 இல் இருந்து யாத்திரை நடக்கும் இடம். மாதாவின் படம் உள்ளங்கை அளவுதான். ஓகஸ்டில் தமிழ்ப் பூசைக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து எங்கள் ஆட்கள் வருவார்கள். உங்கள் பழைய மாணவர் நாலு பேராவது அகப்படுவார்கள், மகன் பிறகு உங்களை இழுக்க முடியாது.

கேள்வி: பேர்லினில் சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை என்கிறார்கள். காசு செலவழித்துப் போவது வீணா?
– வாசகர், தெஹிவளை

பதில்: துண்டு துண்டாக நிற்கிறது. ஓவியம் தீட்டிய பகுதி மட்டும் 1.3 கிலோமீற்றர். ஆனால் தமிழர் போகவேண்டிய இடம் பிரீட்றிச் ஸ்ட்ராச ரயில் நிலையம் என்பேன்.

என் கணவர் கட்டுநாயக்காவில் ஏறி, மொஸ்கோவில் மாறி, கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட்டில் இறங்கியவர். அங்கிருந்து இந்த நிலையம், இங்கே ரயில் ஏறினால் மேற்கு. கிழக்குக்காரர் தங்கள் சனத்தை விடமாட்டார்கள், எங்களை விட்டார்கள். மேற்குக்காரருக்கு பேர்லின் ஒரே நகரம், ஆகவே அவர்கள் அந்தக் கோட்டில் கடவுச்சீட்டு கேட்பதில்லை. அந்த இடுக்கால் ஆயிரக்கணக்கில் எங்கள் பெடியள் போனார்கள். 1986 இல் அடைத்துவிட்டார்கள்.

2012 இல் கணவரின் தம்பி கொழும்பில் இருந்து வந்தபோது பேர்லினுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தம்பி பிரண்டன்பேர்க் வாசலில் 60 படம் எடுத்தார். இவர் பிரீட்றிச் ஸ்ட்ராச மேடையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, "இதிலதான் நிண்டனான். சப்பாத்துக்குள்ள நூறு டொலர். எந்தப் பக்க ரயில் எண்டு கேக்கப் பாசை தெரியாது" என்றார். தம்பிக்கு அது தெரியாது. அந்த நூறு டொலர் தாயின் காப்பு விற்ற காசு என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அடுத்த மூன்று ரயிலைப் போகவிட்டார்கள். பக்கத்தில் அந்தக் காலத்துப் பயண மண்டபம், கண்ணீர் மாளிகை என்று பெயர், 2011 இல் இருந்து அருங்காட்சியகம். உள்ளே போகக் காசில்லை.

கேள்வி: மகளுக்குக் கறிவேப்பிலையும் மாசியும் கொண்டுபோகலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாசி கொண்டுபோகலாம். கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், விடுங்கள். தேங்காயும் வாழைப்பழமும் சான்றிதழ் இல்லாமலே போகும். இறைச்சி, பால் சாமான் கூடாது. ஞாயிறு கடை பூட்டு, சனியே சாமான் வாங்கிவிடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உரலில் சம்பல் இடித்தால் கீழ்வீட்டுக்காரர் மணி அடிப்பார்.

கேள்வி: ஜேர்மனியில் இருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். கொழும்பில் எதைக் காட்டுவது?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: என்னைக் கேட்கிறீர்களா? நான் நூதனசாலை, கங்காராமை, காலிமுகத்திடல் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் காற்று வாங்கக் கூட்டிக்கொண்டு போனதுதான் பிழை. கதவு திறந்தபடி, சனம் தொங்கிக்கொண்டு, கடலை உரசுகிற மாதிரி ரயில் போனது. அங்கே கதவு பூட்டாமல் ரயில் அசையாது. நாலு நாள் பின்னேரமும் கல்லில் இருந்து ரயில் எண்ணினோம், இஸ்ஸோ வடை தின்றோம். ஐந்தாம் நாள் பிடிவாதமாகத் தாமரைக் கோபுரத்துக்குக் கொண்டுபோனேன். 350 மீற்றருக்கு மேல். மேலே நின்று முழுக் கொழும்பையும் கையால் காட்டினேன். சின்னவன் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டான்: "அம்மம்மா, தண்டவாளம் எந்தப் பக்கம்?"