விரல் நுனியா, கை நாளமா?

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவாதம். நாலு நாளைக்கு முன் கை நரம்பில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது சி.ஆர்.பி. 14. நேற்று வீட்டுக்குக் கிட்ட விரலில் குத்திப் பார்த்தார்கள், 9 என்று வந்தது. எதை நம்புவது? ஈ.எஸ்.ஆரையும் விரலிலேயே பார்க்கலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். சி.ஆர்.பி. அழற்சியின்போது ஈரல் சுரக்கும் புரதம். சுரப்பு நின்றால் சுமார் 19 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். நாலு நாளில் வீக்கம் சற்றுத் தணிந்திருந்தாலே 14 இறங்கி 9 ஆகலாம். இரண்டு முறைகளையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே வேளையில் எடுக்க வேண்டும். அலகையும் பாருங்கள்: லீற்றருக்கு 14 மில்லிகிராமும் டெசிலீற்றருக்கு 1.4 மில்லிகிராமும் ஒன்றுதான்.

விரல் இரத்தத்தில் சி.ஆர்.பி.யை நம்பிப் பார்க்கலாம், துளி ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தால். பிழை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. மார்கழி மழையில் கை குளிர்ந்துபோயிருந்தால் இரத்தம் இலேசில் வராது. இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைக்க வேண்டும். நடுவிரல் அல்லது மோதிரவிரலின் சதைப்பகுதியில், சற்றுப் பக்கவாட்டாகக் குத்த வேண்டும். அம்மாவின் வீங்கிய விரல்களைத் தொடவே வேண்டாம். ஸ்பிரிட் காயமுன் குத்தினால் துளி திரளாமல் பரவி வழியும். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் கெடுதலானது விரலைப் பிழிவது: இழையநீர் கலந்து இரத்தம் நீர்த்துப்போகும், பெறுமானம் குறைத்துக் காட்டும். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல்பக்கமாக மெல்ல வருடினால் போதும்.

மூட்டுவாதக்காரருக்கு இரத்தச்சோகையும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். அப்போது ஒரு துளியில் பிளாஸ்மாவின், அதாவது சி.ஆர்.பி. கலந்திருக்கும் நீர்ப்பகுதியின், பங்கு கூடும். செங்கலங்களின் அளவைக் கணக்கில் எடுக்காத சிறு கருவி சி.ஆர்.பி.யைக் கூட்டிக் காட்டும். கருவி அந்தத் திருத்தத்தைச் செய்கிறதா என்று கேளுங்கள்; கேட்பதில் பிழையில்லை.

ஈ.எஸ்.ஆர். என்பது ஒரு குழாயில் நிற்கும் இரத்தத்தில் செங்கலங்கள் ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்ற அளவு. அதற்கு நாளத்தில்தான் எடுக்க வேண்டும். வழமையான வெஸ்டர்கிரென் முறையில் நாலு பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிற்றேற்று (இரத்தம் உறையாமல் தடுக்கும் கரைசல்), அதாவது 1.6 மில்லிலீற்றருக்கு 0.4. விரலில் அவ்வளவு பிழிந்தெடுத்தால் அது வெறும் இரத்தமாக இராது, உறையவும் தொடங்கிவிடும். அந்தக் குழாய் ஒரு மணித்தியாலம் நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சரிந்தாலே செங்கலங்கள் விரைந்து இறங்கி அளவு ஏறிவிடும்.

மாதாமாதம் பார்ப்பதை ஒரே முறையில், ஒரே இடத்தில் பாருங்கள். விரலில் எதிர்பாராமல் ஏறியிருந்தால், வைத்தியர் மருந்தை மாற்றுமுன் அன்றைக்கே நாளத்திலும் ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.