மூன்று மணிச் சோர்வு – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் இருக்கிறேன். வயது 39. குர்லாவில் இறங்கி பி.கே.சி. (பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்) போய் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையலையும் முடித்துவிட்டுத்தான் ரயிலேறுவேன். படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். பெண் பத்தாவது படிக்கிறாள். மதியம் மூன்று மணிக்கு மேல் உடம்பில் தெம்பே இருப்பதில்லை. ஸ்டேஷன் பாலம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாலைந்து கட்டிங் சாயில் (அரை கிளாஸ் டீ) நாளை ஓட்டுகிறேன். தோழி ஒருத்தி எனர்ஜி பவுடர் வாங்கச் சொல்கிறாள். இன்னொருத்தி பச்சைத் தண்ணீரில் குளி, வெயிலில் நட, தியானம் செய் என்கிறாள். வீட்டிலோ, எனக்கு மனசுதான் சோம்பல் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானோ என்று எனக்கும் தோன்றுகிறது. உற்சாகமாக இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எஸ்., டோம்பிவிலி

அன்புள்ள எஸ்.,

நம் பெண்களின் களைப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்து உட்கார வைத்துவிட்டது.

பவுடர் வேண்டாம். பச்சைத் தண்ணீரோ வெந்நீரோ, உங்கள் இஷ்டம். காலை வெளிச்சம் நல்லதுதான். பகல் எது, இரவு எது என்று உடம்பு அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே அது கிடைத்துவிடும். தியானத்துக்காக நீங்கள் இன்னும் அரைமணி முன்னால் எழ வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை என்னிடம் அனுப்புங்கள். இப்போதே ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ராத்திரிச் சமையலை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். அது முடியாது என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள்.

பாலம் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

என் அத்தை மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருந்தார். ஒற்றை அறை, ஆறு பேர், விடிவதற்கு முன் குழாயடியில் வரிசை. எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சம் இருந்தால் அவர் சாப்பாடு, இல்லாவிட்டால் சாயும் பாவ் ரொட்டியும். அவர் முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி இருக்கும். நாள் முழுக்க மென்றுகொண்டே இருப்பார். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள் இல்லையா? "உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, இன்னும் எதுக்குடி மழை?" என்று மாமா சிரிப்பார், சுற்றியிருப்பவர்களும் சிரிப்பார்கள். மத்தியானம் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவார். அதற்கு மாமியார் வைத்த பெயர் சோம்பேறி.

ஒருநாள் குழாயடியில் மயங்கி விழுந்தார். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், சிவப்பே இல்லை. ஹீமோகுளோபின் ஆறு, இருக்க வேண்டியதில் பாதி. பச்சரிசி, சாம்பல், ஐஸ்கட்டி இவற்றின் மேல் வரும் அடங்காத ஆசை பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். மாத்திரை சாப்பிட்டுச் சில மாதங்களில் அத்தைக்கு அரிசி ஆசை தானாகவே விட்டுப்போனது. பகல் தூக்கமும் போனது. அத்தனை வருஷம் அந்த மனுஷிக்குக் குறைந்திருந்தது ரத்தம். வீடு திட்டியது குணத்தை.

அதே வார்த்தையை உங்கள் வீட்டிலும் சொல்கிறார்கள், நீங்களும் அதை நம்பி எனக்கு எழுதுகிறீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மனசு சோம்பலா?

உடம்பு முழுக்க ஆக்சிஜனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின். அது உண்டாக இரும்பு வேண்டும். மாதாமாதம் நாம் அதை இழக்கிறோம். நம் வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் 12 இருக்கிறது என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. உடம்பின் இரும்புக் கையிருப்பு அதற்கு முன்பே தீர்ந்திருக்கலாம், அதுவே சோர்வைக் கொண்டுவரும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அதையும் கேட்டு எடுங்கள். கூடவே தைராய்டு, வைட்டமின் பி12. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதென்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் கர்ப்பப்பைக் கட்டி சகஜம்.

அப்புறம் அந்தச் சாய். நான் சாய்க்கு எதிரி இல்லை. ஆனால் டிபனோடும் சாப்பாட்டோடும் குடிக்கும் சாய், சோற்றிலும் கீரையிலும் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் செய்துவிடுகிறது. சாப்பாட்டுக்கும் சாய்க்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டப்பாவில் எலுமிச்சம்பழத் துண்டோ நெல்லிக்காயோ எடுத்துப்போங்கள், அது இரும்பு சேர உதவும். சாய் தெம்பு தருவதில்லை. தூக்கம் வருவதைக் கொஞ்ச நேரம் தெரியாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த காஃபீனில் ஏறக்குறைய பாதி, நீங்கள் படுக்கப்போகும்போதும் உடம்பில் இருக்கும்.

பரிசோதனை செய்யாமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். டாக்டர் கொடுத்தால், மலம் கருப்பாகப் போகிறதே என்று பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். எண் சரியான பிறகும் கையிருப்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும்.

நான் என்ன செய்கிறேன் என்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன். பெண் பத்தாவது என்கிறீர்கள். வளர்ச்சியும் மாதவிலக்கும் சேர்ந்து இரும்பைக் கேட்கும் வயது அது. இந்தச் சனிக்கிழமை லேபுக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் வந்ததும் இரண்டு பேருடைய எண்களையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா